ரமேஷ் கிருஷ்ணன்: ஒரே எதிராளி, இரண்டு தரைகள்

1987 டிசம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிப்போட்டி நடந்தது. இந்தியாவின் ரமேஷ் கிருஷ்ணன் ஸ்வீடனின் மாட்ஸ் விலாண்டரிடம் நேர் செட்களில் தோற்றார். பதின்மூன்று மாதம் கழித்து, 1989 ஜனவரியில், மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் மறுபடியும் அதே இருவர் மோதினார்கள். இந்த முறை 6-3, 6-2, 7-6 என்று ரமேஷ் ஜெயித்தார். இடைப்பட்ட காலத்தில் விலாண்டர் ஒன்றும் சாதாரண ஆளாகிவிடவில்லை. 1988-இல் ஆஸ்திரேலிய, ஃப்ரெஞ்ச், அமெரிக்க ஓப்பன் மூன்றையும் வென்று, உலகத் தரவரிசையில் முதலிடத்தில், நடப்பு சாம்பியனாகத்தான் மெல்போர்னுக்கு வந்திருந்தார்.

பெரிய உயரத்தைத் தொட்டபிறகு விலாண்டருக்கு ஆட்டத்தில் பிடிப்பு தளர்ந்திருந்தது என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். கோத்தன்பர்க்கில் அவர்கள் ஆடியது அரங்குக்குள் போட்ட களிமண் தரை. மெல்போர்னில் ஆடியது கடினத்தரை. ரமேஷின் டென்னிஸைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் எங்கே உலகின் யாரையும் தோற்கடிக்கக்கூடியவராக இருந்தார், எங்கே சாதாரணமானவராகத் தெரிந்தார், ஏன் தரவரிசையில் 23-ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் காலுக்கடியில்தான் கிடக்கிறது.

முதலில் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம். அதைச் சொல்லாமல் ரமேஷைப் பற்றி யாரும் எழுத முடியாது, அவருக்கே சலித்துப்போகும் அளவுக்கு எழுதியும் விட்டார்கள். தாத்தா டி.கே. ராமநாதன் தென்காசிக்காரர், நல்ல ஆட்டக்காரர், அதைவிட நல்ல பயிற்சியாளர். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் முறை நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த முறை ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த ஆண்டு கோப்பையை எடுத்தவர்கள். 1961 ஜூனில் பிறந்த ரமேஷ், 1979-இல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டே ஃப்ரெஞ்ச் ஓப்பன் ஜூனியர் பட்டமும் அவருக்குத்தான். உலகின் முன்னணி ஜூனியர் என்ற பெயரோடு தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தார்.

அப்பாவையும் மகனையும் ஒப்பிடுவது நம் ஊரில் பழைய பொழுதுபோக்கு. அப்பா அரையிறுதி, மகன் காலிறுதி, ஆகவே அப்பாதான் பெரியவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்பா ஆடிய காலத்தில் விம்பிள்டனில் அமெச்சூர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பாஞ்சோ கொன்சாலெஸ், கென் ரோஸ்வால் போன்றவர்கள் பணத்துக்கு ஆடப் போய்விட்டதால் அவர்கள் அந்தப் புல்லை மிதிக்கவே முடியாது. ஜாக் கிராமர் நல்ல தொகையோடு தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தபோது ராமநாதன் கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1968-இல்தான் கதவு எல்லோருக்கும் திறந்தது. மகன் வந்தபோது கூட்டம் முழுவதும் உள்ளே இருந்தது. இது அப்பாவைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. லேவரையும் எமர்சனையும் தோற்கடித்தவரை யார் குறைத்துச் சொல்ல முடியும்? இரண்டு அளவுகோல்களும் வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ரமேஷின் ஆட்டம் எப்படி இருந்தது?

ஐந்தடி ஏழு அங்குல உயரம். மட்டையைப் பின்னால் இழுப்பதே தெரியாது, அவ்வளவு சின்ன வீச்சு. பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, அது உச்சிக்குப் போகக் காத்திராமல், மட்டையை வைத்துவிடுவார். பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு அடிக்கும் டாப்ஸ்பின் அநேகமாக இல்லை. பந்து தட்டையாக, வலைக்குச் சற்று மேலாகப் போகும். எதிராளி எங்கே இல்லையோ அங்கே போகும். பலமாக அடித்ததாகவே தோன்றாது. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவர் ஓடிக்கொண்டே இருப்பார்.

இந்த ஆட்டம் நேரத்தை வைத்து ஆடும் ஆட்டம். எழும்பும் பந்தை அடிப்பவர் எதிராளியின் அவகாசத்தில் ஒரு பகுதியைத் திருடிக்கொள்கிறார். உங்கள் பந்து வழக்கமாகத் திரும்பி வரும் நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. நீங்கள் இன்னும் சமநிலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். ரமேஷ் தன் கை பலத்தில் வேகத்தை உண்டாக்கவில்லை. எதிராளி கொடுத்த வேகத்தைக் கடன் வாங்கித் திசை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதனால் ஓங்கி அடிப்பவர்கள் அவருக்கு ஓரளவு வசதிதான். அவர்கள் அடிக்க அடிக்க இவருக்கு மூலதனம் சேரும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, பந்து தாழ்வாக எழும்ப வேண்டும். இரண்டாவது, அது எப்படி எழும்பும் என்று நம்பிக்கையாகக் கணிக்க முடிய வேண்டும். புல்தரை முதல் நிபந்தனையைத் தருகிறது, தட்டையான பந்து புல்லில் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும், எதிராளி குனிந்துதான் எடுக்க வேண்டும். கடினத்தரை இரண்டாவதைத் தருகிறது, பந்து பட்ட இடத்தில் ஏமாற்றாது. களிமண் இரண்டையும் தராது. அங்கே பந்தின் வேகம் தரையிலேயே கரைந்துவிடும், கடன் வாங்க ஒன்றும் மிஞ்சாது. கூடவே டாப்ஸ்பின் போட்டு அடித்த பந்து தோள் உயரத்துக்குத் துள்ளும். ஐந்தடி ஏழு அங்குலக்காரர் சின்ன வீச்சோடு தோள் உயரப் பந்தை மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோத்தன்பர்க்கில் ஸ்வீடன்காரர்கள் களிமண்ணைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அன்றைய டேவிஸ் கோப்பையில் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சொந்த ஊர்க்காரருக்கு. ஸ்வீடன் அந்த இறுதிப்போட்டியை 5-0 என்று எடுத்தது.

அதற்காக ரமேஷுக்குக் களிமண்ணில் ஆடவே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1982-இல் ஸ்டுட்கார்ட்டில் களிமண்ணில்தான் பட்டம் வென்றார். 1979 ஃப்ரெஞ்ச் ஜூனியர் பட்டமும் களிமண்ணில் வந்ததே. ஆனால் ஒரு வாரம் நன்றாக ஆடுவது வேறு, ஏப்ரலில் தொடங்கி கோடை நடுவரை ஐரோப்பாவில் வாரத்துக்கு வாரம் நடக்கும் களிமண் போட்டிகளில் தாக்குப்பிடிப்பது வேறு. தரவரிசைப் புள்ளிகளில் பெரிய பங்கு அந்த மாதங்களில்தான் குவியும். ஸ்பெயின், அர்ஜென்டினா, ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் அங்கே அறுவடை செய்துகொண்டிருக்கும்போது ரமேஷ் வேறு பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய எட்டு ஒற்றையர் பட்டங்களின் ஊர்களை அடுக்கிப் பார்த்தாலே இது தெரியும். மணிலா 1981, ஸ்டுட்கார்ட் 1982, மெட்ஸ் 1984, டோக்கியோ, ஹாங்காங் இரண்டும் 1986, வெலிங்டன் 1988, ஆக்லாந்து 1989, ஷெனெக்டடி 1990. ஐரோப்பாவில் இரண்டே இரண்டு. மீதி ஆசியா, நியூஸிலாந்து, அமெரிக்கா. பெரும்பாலும் கடினத்தரை. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் அவர் ஆடிய மூன்று காலிறுதிகளும் களிமண்ணுக்கு வெளியேதான்: நியூயார்க்கில் (அமெரிக்க ஓப்பன்) 1981, 1987, விம்பிள்டனில் 1986. ஃப்ரெஞ்ச் ஓப்பன் நடக்கும் பாரிஸில் ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் வருத்தமாகப் படுவது காலத்தின் கணக்கு. 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. 1975-இல் அமெரிக்க ஓப்பன் புல்லை விட்டுக் களிமண்ணுக்குப் போய், 1978-இல் கடினத்தரைக்கு மாறியது. ஆஸ்திரேலிய ஓப்பன் 1988-இல் புல்லைக் கைவிட்டது. அதன்பின் விம்பிள்டன் ஒன்றுதான். ரமேஷ் எந்த மரபில் பயிற்சி பெற்றாரோ, அந்த மரபு வளர்ந்தது புல்லில். கல்கத்தா சவுத் கிளப், டெல்லி, சண்டிகர் என்று இந்தியாவின் பெரிய ஆட்டங்கள் நடந்ததும் புல்லில். அவர் தயாராகி வெளியே வந்தபோது உலகம் அந்தக் கோர்ட்டுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தது.

தரையோடு மட்டையும் மாறியது. 1981 விம்பிள்டனை ஜான் மெக்கன்ரோ மர மட்டையால்தான் வென்றார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கிராஃபைட் மட்டைகள் வந்து மரத்தை ஓரங்கட்டிவிட்டன. பெரிய தலை, குறைந்த எடை, அதே உழைப்பில் கூடுதல் வேகம். செர்வ் போடுபவருக்கு அது வரப்பிரசாதம். டாப்ஸ்பின் அடிப்பவருக்கும் அப்படித்தான், ஏனென்றால் பந்தை இன்னும் பலமாக அடித்தும் கோட்டுக்குள் இறக்க முடிந்தது. கைநயத்தை நம்பியவருக்கு மட்டும் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கைநயத்தை எந்தக் கம்பெனியும் மட்டையில் வைத்து விற்கவில்லை.

1981 அமெரிக்க ஓப்பன் காலிறுதி இந்த மாற்றத்துக்குச் சற்று முந்தைய கட்டம். இருபது வயது ரமேஷ், மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டை டைபிரேக்கரில் எடுத்தார். அந்த ஆண்டு விம்பிள்டன் வென்று, உச்சத்தில் இருந்தவர் மெக்கன்ரோ. அடுத்த மூன்று செட்களை வென்று அவர் மேலே போனார், இறுதியில் ஸ்வீடனின் பியார்ன் போர்க்கைத் தோற்கடித்துப் பட்டமும் வென்றார். மெக்கன்ரோவும் கைநயக்காரர்தான். அதனால் அந்த ஆட்டத்தில் இருவருமே ஒரே பாஷை பேசினார்கள். வித்தியாசம் ஒன்றுதான், மெக்கன்ரோவிடம் இடக்கையால் போடும் அந்த வளைந்த செர்வ் இருந்தது.

இங்கேதான் ரமேஷின் பெரிய பலவீனத்துக்கு வருகிறோம். அவருடைய செர்வ், குறிப்பாக இரண்டாவது செர்வ், தொழில்முறை ஆட்டத்தில் மிக மென்மையானவற்றில் ஒன்று. நம் ரசிகர்கள் அவர் செர்வ் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு செர்வ் என்றால் இலவசப் புள்ளி கிடைக்கும் இடம். ரமேஷுக்கு அது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியையும் பிறகு உழைத்துத்தான் எடுக்க வேண்டும். எதிராளியின் செர்வை உடைப்பதில், அதாவது எதிராளி செர்வ் போடும் கேமை வெல்வதில், அவர் கெட்டிக்காரர், அதனால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஐந்து செட் ஆட்டத்தில், 5-5 என்று நிற்கும்போது, எதிராளி தொடவே முடியாத செர்வ், அதாவது ஏஸ், இரண்டு போட்டுத் தப்பிக்கும் வழி அவருக்கு இல்லை.

1986 விம்பிள்டன் காலிறுதியில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. எதிரே யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோடன் ஸிவோயினோவிச், ஆறரை அடியை நெருங்கும் உயரம், மேலிருந்து இடிபோல் இறங்கும் செர்வ். கடன் வாங்க வேகம் வேண்டும் என்றால் அதுவும் ஒரு அளவுக்குள் இருக்க வேண்டும், மட்டைக்கே எட்டாத பந்திலிருந்து என்ன கடன் வாங்குவது? ரமேஷ் தோற்றார். 1985-இலும் 1986-இலும் அங்கே பட்டம் வென்றவர் போரிஸ் பெக்கர் என்பதை நினைவில் வைத்தால், புல்தரையிலும் காற்று எந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது என்று புரியும். அவருக்குப் பொருத்தமான தரையில்கூட ஆட்டம் அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சூழ்நிலையில் ஒருவர் 1985 ஜனவரியில் உலக அளவில் 23-ஆம் இடத்தைப் பிடித்து, பத்தாண்டுக்கு மேல் அந்த வட்டத்தில் நின்றார் என்பதை நான் தோல்விக் கணக்கில் எழுதத் தயாராக இல்லை. அவருக்கு மூத்தவரான விஜய் அமிர்தராஜ் 1980-இல் முதல் இருபது பேருக்குள் போனார். ரமேஷுக்குப் பிறகு வந்தவர்களில் லியாண்டர் பயஸின் சிறந்த ஒற்றையர் இடம் 73, சோம்தேவ் தேவ்வர்மனுடையது 62. ஒற்றையரில் முதல் 50 பேருக்குள் இந்திய ஆண் யாரும் மறுபடி நுழையவில்லை.

தனிப்பட்ட தரவரிசையை விட ரமேஷைச் சரியாகக் காட்டுவது டேவிஸ் கோப்பை. காரணம் எளிது. சொந்த ஊரில் ஆடினால் புல்லைத் தேர்ந்தெடுக்கலாம். அப்புறம், நான்கு ஒற்றையர் ஆட்டமும் ஒரு இரட்டையர் ஆட்டமும் கொண்ட அந்த அமைப்பில் நம்பிக்கையான இரண்டு பேர் இருந்தால் ஒரு நாடு வெகுதூரம் போகலாம். 1987-இல் இந்தியாவுக்கு இருந்தது அதுதான்: முப்பத்து மூன்று வயது விஜய் அமிர்தராஜ், இருபத்தைந்து வயது ரமேஷ், இரட்டையருக்கு விஜய்யின் அண்ணன் ஆனந்த்.

முதல் சுற்றில் அர்ஜென்டினா டெல்லிக்கு வந்தது. இந்தியா 1-2 என்று பின்தங்கியிருந்த நிலையில் விஜய், மார்ட்டின் ஹைட்டேயிடம் மேட்ச் பாயிண்ட் வரை, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலை வரை போய் மீண்டு வந்து ஜெயித்தார். ஐந்தாவது ஆட்டத்தில் ஒராசியோ டி லா பெனாவை ரமேஷ் தோற்கடித்துக் கணக்கை முடித்தார். ஹைட்டே களிமண்ணில் பழக்கப்பட்டவர். அவருக்கு இந்தியப் புல் எப்படி இருந்திருக்கும் என்பதை, கோத்தன்பர்க் களிமண் ரமேஷுக்கு எப்படி இருந்தது என்பதோடு வைத்துப் பார்க்கலாம். காலிறுதியில் எதிராளி இஸ்ரேல். அந்த நாட்டோடு இந்தியாவுக்கு முழுத் தூதரக உறவே அப்போது கிடையாது, 1992-இல்தான் வந்தது. அரசியல் சலசலப்புக்கு நடுவே அந்த ஆட்டமும் டெல்லியில் நடந்தது, இந்தியா 4-0 என்று வென்றது.

அரையிறுதி சிட்னியில், ஆஸ்திரேலியாவோடு. ஒயிட் சிட்டி அரங்கம், புல்தரை. ஆஸ்திரேலியர்கள் தங்கள் ஊரில் புல்லைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை, அது அவர்களுடைய தரைதான். ஆனால் எதிரே நிற்பவர் அதே தரையில் யாரைப் பார்த்து வளர்ந்தார் என்பதை மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். ரமேஷ் முதலில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார். 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டத்தில் வாலி மாசூரை நேர் செட்களில் முடித்தார். சொந்த மண்ணில், புல்தரையில், ஆஸ்திரேலியாவைக் கடைசி ஆட்டத்தில் தோற்கடிப்பது அன்றைக்கு எந்த நாட்டுக்கும் லேசில் கிடைக்கிற காரியம் இல்லை. என் கணக்கில் விலாண்டர் வெற்றியை விட இதுதான் ரமேஷின் பெரிய வெற்றி. விலாண்டரைத் தோற்கடித்தது ஒரு மதியத்தின் கலை. சிட்னியில் நாடு முழுவதும் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது, அப்போதும் அவருடைய கை இறுகவில்லை. கைநயத்தை நம்பி ஆடுகிறவர்களுக்குப் பதற்றத்தில் முதலில் போவது கைதான் என்பது டென்னிஸ் ஆடியவர்களுக்குத் தெரியும்.

அதற்கு அவருடைய சுபாவமும் உதவியிருக்கும். நடுவரோடு வாதாடுவது, மட்டையை உடைப்பது, முஷ்டியை மடக்கிக் கத்துவது எதுவும் அவரிடம் கிடையாது. மெக்கன்ரோ, கானர்ஸ் காலத்தில் இப்படி ஒருவர் இருந்தது பத்திரிகைகளுக்குச் சப்பென்றுதான் இருந்திருக்கும். அந்த அமைதியைச் சிலர் போராட்டக் குணம் இல்லை என்று வாசித்தார்கள். சிட்னியின் ஸ்கோரைப் பார்த்தபிறகும் அப்படிச் சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

1990-க்குப் பிறகு ஒற்றையரில் மெல்ல இறக்கம். ஆனால் அந்த இறக்கத்தில்தான் இந்திய டென்னிஸின் அடுத்த கட்டத்துக்கு அவர் கைகொடுத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முப்பத்தொரு வயது ரமேஷும் பத்தொன்பது வயது லியாண்டர் பயஸும் இரட்டையரில் ஜோடி சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ஜெரால்ட், டாட் வுட்பிரிட்ஜ் ஜோடியைத் தோற்கடித்தார்கள். ஆமாம், சிட்னியில் ரமேஷிடம் தோற்ற அதே ஃபிட்ஸ்ஜெரால்ட். காலிறுதியில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச், கோரன் பிர்பிச் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் அரையிறுதியில் தோற்ற இரண்டு ஜோடிகளுக்கும் வெண்கலம் கொடுத்தார்கள், குரோஷியர்கள் அதைத்தான் பெற்றார்கள். இந்த ஒரு ஆட்டம் கைகூடியிருந்தால் பயஸின் 1996 அட்லாண்டா பதக்கத்துக்கு நான்கு ஆண்டு முன்பே இந்தியாவுக்கு டென்னிஸில் பதக்கம் வந்திருக்கும். அந்தப் பட்டியலில் முதல் பெயர் ரமேஷுடையதாகவும் இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, பார்சிலோனாவிலும் களிமண்தான். அடுத்த ஆண்டும் அதே கதை தொடர்ந்தது. 1993-இல் டேவிஸ் கோப்பை காலிறுதிக்கு இந்தியா ஃப்ரான்ஸின் ஃப்ரேஜூ நகருக்குப் போனது. ஃப்ரான்ஸ் எதிர்பார்த்தபடியே சிவப்புக் களிமண்ணைப் போட்டு வைத்திருந்தது. அணியில் ஒற்றையர் ஆட பயஸும் ரமேஷும். யாரும் வாய்ப்புக் கொடுக்காத அந்த மோதலை இந்தியா 3-2 என்று எடுத்தது. அரையிறுதி சண்டிகரில், நாம் தேர்ந்தெடுத்த புல்லில், ஆஸ்திரேலியாவிடம் 0-5.

அந்த ஆண்டே ரமேஷ் தொழில்முறை ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். பிறகு அப்பாவோடு சேர்ந்து சென்னையில் பயிற்சி மையம் தொடங்கினார். 1998-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொலைக்காட்சியில் முகம் காட்டுவதிலோ, பழைய வெற்றிகளைச் சொல்லித் திரிவதிலோ அவருக்கு ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் ஆட்டத்தில் பந்தை எழும்பும்போதே எடுப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் ஆந்த்ரே அகாஸிக்குப் பிறகு அது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது, ஆனால் அவர்கள் அதை டாப்ஸ்பினோடும் பெரிய செர்வோடும் சேர்த்து ஆடுகிறார்கள்.